கார் சீட்டுக்கு ஒரு டிக்கெட்

ஏனுங்க, அது மேல உக்காராதீங்க. ஆமாங்க, சீட்டு மேல சீட்டுதானுங்க இருக்குது. கீழ இருக்கறது பஸ் சீட்டு, மேல இருக்கறது என்ற கார் சீட்டு. அதுக்கு டிக்கெட் எடுத்திருக்குதுங்க. இதா பாருங்க, எனக்கொண்ணு, அதுக்கொண்ணு. கண்டக்டர் லக்கேஜ்னு போடறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். லக்கேஜ்னா கீழ போடுவாங்க. எவனாச்சும் மேல காலை வெப்பான். நெகமத்துக்கு முழு டிக்கெட்டாவே குடுத்துருங்கன்னேன். மனுசன் என்னை ஒரு பார்வை பாத்தாரு, குடுத்துட்டாரு.

கோவிச்சுக்காதீங்க. முகூர்த்த நாளு, பஸ்ல கூட்டம், நிக்கறதுக்குச் சங்கடந்தான். கம்பியை நல்லாப் புடிச்சுக்கங்க. கெணத்துக்கடவு வந்தா பாதிக் கூட்டம் எறங்கிரும். அதுவரைக்கும் நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டு வாங்க, கால் வலியே தெரியாது. இந்த சீட்டுல ஏன் உங்களை உக்கார வுடலைன்னு தெரிஞ்சா நீங்களே எனக்காகப் புடிச்சுக்கிட்டு வருவீங்க. இது என்ற சம்சாரம் உக்கார்ற சீட்டுங்க. அவளைக் கூட்டியாறத்தான் போறேன்.

ஸ்போர்ட்ஸ் காருங்க. நெசமாத்தான் சொல்றேன். சிரிக்காதீங்க. சீமையில செஞ்ச வண்டி, மஞ்சக் கலரு, ரெண்டே ரெண்டு பேர் உக்காரலாம். கூரை கெடையாது. இருந்துச்சு, துணிக்கூரை, எலி தின்னுருச்சு. வால்பாறையில ஒரு எஸ்டேட் தொரை வெச்சிருந்தது, அங்கிருந்து நாலஞ்சு கை மாறி என்ற கைக்கு வந்துச்சு. நான் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தேனுங்க. ஒரு நிமிசம் தாமசமா வந்தாலும் ஆளைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்தறதுதான் என்ற உத்தியோகம். நேரத்துக்குக் கட்டுப்பட்டவன். அதனாலதான் வேகமான வண்டி மேல ஒரு ஆசை.

வண்டி வந்த அன்னிக்கு மயிலாத்தா ஆரத்தி எடுத்தா. மயிலாத்தாங்கறது என்ற சம்சாரம். ஆரத்தி எடுத்துப்போட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. "ஏனுங்க, இதுல ஒருக்கா மருதமலைக்குக் கூட்டிப் போறீங்களா? மேல தெறந்துக்கிட்டு, காத்து மூஞ்சியில அடிக்க, அந்த மலை ரோட்டுல?" இதென்ன பெரிய விசயம், வர்ற வெள்ளிக்கிழமை போலாம்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைதானுங்க இன்னும் வல்லை. அது கெடக்குது.

வண்டின்னா பாத்துக்கோணுமில்லீங்க? வெளிய வுட்டா கண்டவன் கைய வெப்பான். அதனால எல்லா வேலையும் வூட்லயே. பாடி போர்ட்டிகோவுல நிக்கும். எஞ்சின் ஹால்ல, டிவிக்கு முன்னால. கியர்பாக்ஸு மயிலாத்தாளுக்கு அவங்க வூட்ல சீரு குடுத்த அண்டாவுல, மண்ணெண்ணெயில ஊறிக்கிட்டிருக்கும். கார்புரேட்டரு சாமி ரூம்ல. தூசி படாத எடம் அதொண்ணுதான் வூட்ல. பேரிங்கைச் சூடு பண்ணித்தான் ஏத்தோணும்ங்க, நெருப்புல காட்டினா கருகும். அதுக்கு இட்லிச் சட்டியாட்டம் ஒரு சாமான் உலகத்துல இல்லை. ஆவியில வெச்சு எடுத்தா ஒரே சீரா வெந்து, அதாவது சூடாகி வரும். ஒருநாள் மயிலாத்தா, "இட்லியில கிரீஸ் வாசம் அடிக்குதுங்க"ன்னா. "பேரிங்லதான் இட்லி வாசம் அடிக்குது, நான் ஏதாச்சும் சொன்னனா?"ன்னேன். அடுத்த ஈடு ஊத்தப் போயிட்டா. நல்லவ.

நெசமாலுமே நல்லவ. டார்ச்சு புடிக்கறதுல அவளை மிஞ்ச ஆள் கெடையாது. நான் வண்டிக்கடியில படுத்துக்கிட்டு கைய மட்டும் நீட்டுவேன். ஸ்பேனரு கையில வந்து உக்காரும். சில சமயம் நான் பதினாலாம் நம்பர்னு கேப்பேன், அவ பன்னெண்டு குடுப்பா. திட்டுவேன். ஆத்தரத்துல அதையே போட்டுப் பாத்தா கச்சிதமா சேரும். அவ அதிர்ஷ்டம் அப்புடி.

இத்தனை பண்ணியும் அந்த வண்டிக்கு ஒரு வியாதி. எடுத்தா பூனையாட்டம் கெளம்பும். ஒரு மைலு, ஒண்ணரை மைலு போகும். அப்பறம் இருமும். ரெண்டு தடவை இருமிட்டு நின்னுரும். எறங்கி, பெட்ரோல் இருக்குதான்னு டேங்க் மூடியத் தெறந்து பாப்பேன். தளும்பத் தளும்ப இருக்கும். மூடிப்போட்டு மறுபடியும் ஸ்டார்ட் பண்ணினா, சமத்தாக் கெளம்பும். இன்னொரு மைலு போகும். நிக்கும். மூடியத் தெறந்து பாப்பேன், இருக்கும். கெளம்பும். இதென்ன மாயமோ போங்க. பெட்ரோல் பம்ப்பு மாத்திட்டேன், கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டிட்டேன், காயிலு, பிளக்கு, ஒயரு ஒண்ணு பாக்கியில்லை. அந்த வண்டியில இனி மாத்தறதுக்கு என்னையத் தவுத்து ஒண்ணுமில்லை.

மயிலாத்தா ஒரு யோசனை சொன்னா. சிரிக்காமக் கேளுங்க. எண்ணெ டின்னு இருக்குதில்லீங்களா, அதுல ஒரே ஓட்டை போட்டு கவுத்தா எண்ணெ சரியா வராது. இன்னொரு ஓட்டை போட்டாத்தான் காத்து உள்ள போயி எண்ணெ ஊத்தும். "அதாட்டந்தானுங்க. டேங்க் மூடியில ஊசிக் கண்ணாட்டம் ஒரு துவாரம் இருக்குது, நீங்க சந்தனத்தை அப்பி அதை அடைச்சு வெச்சிருக்கீங்க. தெறக்கறப்ப எல்லாம் உஸ்ஸுன்னு காத்து இழுக்குது, உங்களுக்குக் கேக்கலீங்களா?"ங்கறா. சீமை ஸ்போர்ட்ஸ் காரு எங்க, செக்குல வாங்கற எண்ணெ டின்னு எங்க! நான் சிரிச்ச சிரிப்புல ஜாக்கியே ஆடிப்போச்சு.

சந்தனத்தைப் பத்தி ஒண்ணு சொல்லோணும்ங்க. ஆயுத பூசைக்கு எல்லாருந்தான் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வெக்கறாங்க. பேருக்கு பானெட்ல ஒரு பொட்டு வெச்சுப்போட்டு வுட்டுருவாங்க. நான் அப்புடியில்லை. அந்த வண்டிக்குப் பின்னால, நட்ட நடுவுல, வட்டமா அந்த மூடி இருக்கும். நெத்தியேதானுங்க. ஆயுத பூசைக்குன்னு மட்டுமில்லை, வெள்ளிக்கு வெள்ளி கொழைச்சு வெப்பேன். பழசைத் தொடைக்க மாட்டேன். வெச்ச சந்தனத்தைத் தொடைக்கலாமுங்களா? அது மேலயே புதுசு. அரை விரக்கடை கனத்துக்கு ஏறி, செவுத்துப் பூச்சாட்டம் ஆயிருச்சு. அவ்வளவு பக்தியா வெச்சிருந்தும் வண்டி நிக்குதுன்னா அது கண்ணேறுதான், வேற ஒண்ணுமில்லை.

சரி, அவ எதுக்குப் போனாங்கறதைச் சொல்றேன். தைப்பூசத்தன்னிக்கு மருதமலைத் தேருக்குக் கூட்டிப் போறேன்னு சொல்லியிருந்தேன். அந்த வருசம் வுடறதில்லைன்னு சத்தியமே பண்ணியிருந்தேன். வெடியக்கால எந்திருச்சு, தலைக்குத் தண்ணி வாத்து, அரக்குப் பட்டு உடுத்தி, மல்லிப்பூ வெச்சு, வந்து இந்த சீட்டுல உக்காந்துட்டா. இதே சீட்டுங்க. நான் சாவியப் போட்டேன், அன்னிக்குன்னு பாத்துக் கெளம்பவே இல்லை, கிர்ருன்னுது, நின்னுருச்சு. அஞ்சு நிமிசம் புள்ளே, இரும்மான்னு சொல்லிப்போட்டு அடியில பூந்தேன். பட்டுச்சேலையோட உக்காந்தவாக்குல எனக்கு டார்ச்சு புடிச்சா. ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா. மத்தியானம் டிவியில காட்டினான், தேரு சுத்தி வந்து நெலைக்கே சேந்துருச்சு. நம்ம காரு வாசல் தாண்டலை.

நான் எந்திரிச்சுப் பாத்தா சேலையில இவ்வளவு நீளத்துக்கு கிரீஸ். "பெட்ரோல் போட்டுத் தொடைச்சாப் போயிரும்"னு நல்ல யோசனைதான் சொன்னேன். அவ உள்ள போனா, ஒரு பையோட வந்தா. "நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க. இந்தக் கார்ல வந்து கூப்புடுங்க, வர்றேன்"னு சொல்லிப்போட்டு நெகமம் பஸ் ஏறிட்டா.

இந்த எடத்துல நீங்க ஒண்ணைக் கவனிக்கோணும். வேற ஒருத்தியா இருந்தா, காரைத் தொலைச்சுப்போட்டு வந்து கூப்புடுன்னு சொல்லியிருப்பா. இவ, கார்ல வந்து கூப்புடுங்கறா. அந்த வண்டி மேல எத்தனை நம்பிக்கை பாருங்க! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அவ அண்ணன், என்ற மச்சான் ஆறுக்குட்டி போன்ல கேக்கறாரு, "ஏம் மாப்பளே, அவ வரமாட்டேங்கறதைத்தான் அப்புடிச் சொல்லியிருக்கறா, உங்களுக்குப் புரியலீங்களா?"ன்னு. அவருக்குத் தேங்கா யாவாரம் புரியும். புருசன் பொண்டாட்டி விசயம் என்ன புரியும்?

நானும் வுடலை. பாடுபட்டுத் தயார் பண்ணினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மூடிக்கு ரெண்டு மடங்கு சந்தனம் வெச்சு, கெளம்பிட்டேன். ஈச்சனாரி கோயில் வாசல்ல மொத தடவை நின்னுது. தேங்கா ஒடைச்சு, மூடியத் தெறந்து பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணினேன், கெளம்பிருச்சு. புள்ளையார் புண்ணியம். அப்பறம் நின்ன எடத்துலயெல்லாம் கோயில் இல்லை, ஆனாலும் கெளம்புச்சு. நின்னு நின்னு, காலையில கெளம்பினவன் பொழுது சாயறப்ப மச்சான் களத்துல போயி வண்டிய நிறுத்திட்டேன். ஊரே கூடிப்போச்சுங்க. பசங்க வண்டியச் சுத்திச் சுத்தி ஓடறாங்க. ஆறுக்குட்டிக்கு வாயே மூடலை.

மயிலாத்தா வந்தா. பையை எடுத்துக்கிட்டே வந்துட்டாளுங்க. சொன்ன சொல்லு தவறாதவ. சிரிச்சா. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்புடிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. வண்டியச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா. வந்து நின்னா.

"நான் எங்கீங்க உக்கார்றது?"ன்னா.

அவ போனதுக்கப்பறம் ஜாக்கி, பேட்டரி, டூல்ஸ் பொட்டி எல்லாம் வெக்க எடம் பத்தலைன்னு அவ சீட்டைக் கழட்டிப்போட்டனுங்க. கழட்டி வூட்ல வெச்சிருந்தேன், எங்கயும் தொலைக்கலை. அதைத்தான் சொன்னேன். "சீட்டு வூட்ல பத்திரமா இருக்குது புள்ளே. இப்போதைக்கு அந்த பெட்ரோல் கேன் மேல உக்காந்துக்க. எப்படியும் வழியில எறங்கி ஸ்பேனர் எடுத்துக் குடுக்கோணும், உனக்கும் சௌகரியம்"னேன். ஞாயமாத்தான பேசியிருக்கேன்? நீங்களே சொல்லுங்க.

அவ வண்டிக்குள்ள பாத்துக்கிட்டே நின்னா. அப்பறம் பையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. ஒரு சீட்டு! ஒரே ஒரு உதிரிப் பாகம்! அதுக்கு இத்தனை கோவம். பொம்பளைங்களுக்குச் சின்ன விசயந்தான் பெருசாத் தெரியுது.

சரி, போயி சீட்டை எடுத்தாந்தரலாம்னு வண்டிய எடுத்தா, வண்டியும் கெளம்பலை. பேட்டரி எறங்கிருச்சு. அவளுக்குக் கோவம், அதுக்கும் கோவம். மச்சான் தேங்காக் கொட்டாயில தள்ளி வெச்சு, தார்ப்பாய் போட்டு மூடிப்போட்டு, சாவியை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்துட்டேன். சாவி இதா, அரைஞாண் கயித்துல. குளிக்கறப்பக் கூட கழட்டறதில்லை.

அதுக்கப்பறம் இந்த சீட்டு வேலை இழுத்துக்கிட்டே போச்சுங்க. சும்மா கொண்டு போயி மாட்டறதுக்கு மனசு வல்லை. அவ உக்கார்ற எடம் இல்லீங்களா? உக்கடத்துல ஒரு பாய் இருக்கறாரு, சீட்டு தெக்கறதுல ராசா. மூணு தடவை பிரிச்சுத் தெக்க வெச்சேன். தையல் கோடு அந்தக் காலத்துல எப்புடி இருந்துச்சோ அப்புடியே வரோணும்னுட்டேன். பாய் கடைசியில, "அண்ணே, இதுல உக்காரப் போறது ஆருங்கண்ணே?"ன்னாரு. என்ற சம்சாரம்னேன். "அவங்க இன்னும் இருக்காங்களா?"ன்னு கேட்டுப்போட்டாரு. தப்பாக் கேக்கலை, அத்தனை நாளாச்சுங்கறதைச் சொன்னாரு.

போன்ல பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். வாரம் தவறாமப் பேசுவேன். எடுத்தவுடனே கேப்பேன், "எப்புடி இருக்குது? மேல கோழி கீழி ஏறலையே? மழைச்சாரல் அடிக்கலையே?"ன்னு. "நல்லா இருக்குதுங்க"ம்பா. அவளும் வண்டி விசயத்துல ரொம்ப அக்கறை ஆயிட்டா. ஒருநாள், எஞ்சின்ல வால்வைத் தட்டற டாப்பெட்டுக்கு எத்தனை இடைவெளி வுடோணும்னு அவளாக் கேட்டா. மச்சான் பவர் டில்லர் வாங்கியிருப்பாரு போல, அதுக்குக் கேக்கறாருன்னு நெனைச்சு சொல்லிக் குடுத்தேன். அடுத்த வாரம் போன் பண்றப்பப் பின்னால ஒரு எஞ்சின் சத்தம். இந்தக் காது இருக்குதே, நூறு வண்டி ஒண்ணா ஓடினாலும் என்ற வண்டியத் தனியாச் சொல்லிரும். கேட்டவுடனே சொல்லிட்டேன், "மச்சான் டில்லரு அருமையா ஓடுது, இப்பத்தான் வழிக்கு வந்திருக்குது"ன்னு. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அவளும் அவ அண்ணன் பொண்டாட்டியும். ரெண்டு பேரும் அங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கறாங்க, சந்தோசந்தான்.

முந்தாநாள் சொல்லிட்டேன். "மயிலா, சீட்டு ரெடி. வெள்ளிக்கிழமை காலைல பஸ்ல கொண்டாறேன். நாலு போல்ட்டு, மாட்டினா முடிஞ்சுது. உன்னை உக்கார வெச்சு நேரா மருதமலைக்கே ஓட்டறேன்"னேன். "வெள்ளிக்கிழமைங்களா? சரிங்க"ன்னா. சந்தோசத்துல வார்த்தை வல்லை அவளுக்கு.

ஆச்சு, கெணத்துக்கடவு வந்துருச்சு பாருங்க. நான் சொன்னேன்ல, கூட்டம் எறங்கும்னு? அந்தப் பின்னால சீட்டு காலியாகுது, போயி... அட, அந்தம்மா உக்காந்துட்டாங்க. சரி, வுடுங்க. நெகமம் ஒண்ணும் தூரமில்லை.

இருங்க. ஒரு நிமிசம் பேசாம இருங்க.

சத்தம் கேக்குதுங்களா? எதுத்தாப்ல. ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. நாலு சிலிண்டரு, டாப்பெட்டு சுத்தமா இருக்குது, எவனோ பொறுப்பான ஆளு வெச்சு ஓட்டற வண்டி. என்ற வண்டிக்கு நான் இந்தச் சத்தத்தைத்தானுங்க இத்தனை வருசமாத் தேடிக்கிட்டு...

மஞ்சக் கலரு. ஏனுங்க, மஞ்சக் கலருங்க! அது என்றதுங்க! கும்புடப் போன சாமி குறுக்க வந்துருச்சு! கண்டக்டர் அண்ணா, வண்டிய எடுக்காதீங்க! சாவி என்ற கிட்ட இருக்குதே, இதா இருக்குதே, எப்புடி... மயிலாத்தா ஸ்க்ரூட்ரைவர்ல ஸ்டார்ட் பண்ணியிருப்பா. நாந்தான் ஒருக்கா செஞ்சு காட்டினேன், டார்ச்சு புடிச்சுக்கிட்டே பாத்து வெச்சிருக்கறா. அந்த அரக்குப் பட்டுங்க! கறையக் காணமே, போயிருச்சே! நான் சொன்னேன்ல, பெட்ரோல் போட்டாப் போயிரும்னு!

மயிலா! ஏ புள்ளே, மயிலா! இங்க! பஸ்ல! டாப்பெட்டு எத்தனை வெச்சே?

கேட்டுதுங்களா உங்களுக்கு? "நீங்க சொன்ன அளவுதானுங்க"ங்கறா. அவ்வளவு சத்தத்துலயும் "ங்க" போட்டுத்தான் பேசறா பாருங்க. ஆனா நிறுத்தலை. பக்கத்துல ஆரு, அண்ணன் பொண்டாட்டியா? அவ எதுல உக்காந்திருக்கறா? பிளாஸ்டிக் சேருங்க! கல்யாண மண்டபத்துச் சேரு! காலை அறுத்துப்போட்டு உள்ள வெச்சிருக்கறாங்க! சீமை ஸ்போர்ட்ஸ் கார்ல பிளாஸ்டிக் சேரு!

அய்யய்யோ, அந்த மூடியப் பாருங்க, பின்னால. பளபளன்னு மின்னுது. சந்தனத்தைச் சொரண்டி எடுத்துட்டா. வெள்ளிக்கிழமை அதுவுமா! இனி வண்டி எங்க ஓடும்? ஒரு மைலு. அதுக்கு மேல தாண்டாது. அந்தப் புளியமரத்துக்கிட்ட இருமும் பாருங்க. நீங்க உயரமா இருக்கறீங்க, பின்னால கண்ணாடியில பாருங்க. நின்னுதுங்களா?

பாலத்துக்கிட்ட நிக்கும். பாத்துக்கிட்டே இருங்க. நின்னுதுங்களா?

மறைஞ்சிருச்சா.

மருதமலைக்குத்தானுங்க போறா. வேற எங்க போவா. முந்தாநாளு வெள்ளிக்கிழமைன்னு சொன்னப்பவே... நான் நெகமம் போயிச் சேர்றப்ப அவ ஊர்ல இருக்க மாட்டா பாருங்க. காத்து மூஞ்சியில அடிச்சுது. கொண்டைப்பூ பறந்துது. சிரிச்சுக்கிட்டே போனா, பாத்தீங்களா? களத்துல சிரிச்ச அதே சிரிப்பு.

கண்டக்டர் அண்ணா, ஒண்ணுமில்லீங்க. நீங்க எடுங்க. இல்லீங்க, நான் எறங்கலை. இத்தனை பெரிய சீட்டை வெச்சுக்கிட்டு நடுவழியில எறங்கி நான் எங்கீங்க போறது?

ஏனுங்க, நீங்க எத்தனை நேரம் நிப்பீங்க, உக்காருங்க. அட, அது மேலயேதானுங்க. பரவால்லை, உக்காருங்க. பாய் மூணு தடவை பிரிச்சுத் தெச்சது, மெத்தையாட்டம் இருக்கும். அதுக்கு டிக்கெட்டும் எடுத்திருக்குது.